டொக்டரும் அவருடைய நீலப் பெட்டியும்: புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிறு மாலை வீட்டார் அனைவரும் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன் வந்து அமர்ந்தார்கள். பதினொரு வயதுப் பேத்தி என் பக்கத்தில் வந்திருந்து, “அம்மப்பா, நீங்கள் டொக்டரைப் பார்த்ததே இல்லையோ?” என்று கேட்டாள். போன கிழமைதானே பார்த்து மருந்து எடுத்தேன் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேட்டது ‘டொக்டர் ஹூ’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் நாயகனைப் பற்றி என்பது பிறகுதான் விளங்கியது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். அரசியலும் வழக்கு விசாரணைகளும் எழுதிப் பழகிய கை இது. விஞ்ஞானக் கற்பனைத் தொடர் ஒன்றைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்ததில்லை. ஆனால் அன்று மாலை பார்த்த ஓர் அத்தியாயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அதன்பின் தேடித் தேடிப் பார்த்தும் வாசித்தும் அறிந்தவற்றை, என்னைப் போல் ஒன்றும் அறியாமல் இருக்கும் வாசகர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

அடிப்படைக் கதை மிக எளிமையானது. டொக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவர். அவருடைய உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘டொக்டர்’ என்று அவர் சொன்னால் ‘டொக்டர் யார்?’ என்று எதிரே நிற்பவர் கேட்பதுதான் தொடரின் தலைப்பு. பார்வைக்கு மனிதர், ஆனால் கலிஃப்ரே என்னும் வேற்றுக் கிரகத்தவர். இரண்டு இதயங்கள் உடையவர். ‘டார்டிஸ்’ என்னும் ஊர்தியில் ஏறி, நேற்றுக்கும் நாளைக்கும், இந்த உலகுக்கும் வேறு உலகங்களுக்கும் போய் வருகிறார். அந்த ஊர்தியின் வெளித்தோற்றம் ஒரு நீலநிறப் பொலிஸ் பெட்டி. முன்னாளில் பிரித்தானிய வீதி ஓரங்களில் பொலிஸாரை அழைப்பதற்கான தொலைபேசியுடன் இத்தகைய பெட்டிகள் நின்றன. ஒருவர் நிற்க இடங்காணும் அந்தப் பெட்டிக்குள் புகுந்தால் உள்ளே மண்டபங்களும் அறைகளும் முடிவின்றி விரியும். கண்ணனின் வாய்க்குள் உலகம் முழுவதையும் யசோதை கண்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்குவதில் சிரமம் இல்லை.

காலப் பயணமும் நமக்குப் புதிதல்ல. தன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்டுப் பிரமலோகம் சென்ற மன்னன் அங்கே சிறிது நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்புவதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன என்று பாகவதம் சொல்கிறது. பிரித்தானியர் அதே வியப்பை ஒரு பொலிஸ் பெட்டிக்குள் அடைத்துக் கிழமைதோறும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இத்தொடர் முதன்முதலில் ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23ஆம் திகதி, சனிக்கிழமை. அந்தத் திகதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன். டல்லஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட வேளையில் எங்கள் நாட்டில் நள்ளிரவு. வானொலியில் செய்தி வந்ததும், கோத்து முடித்திருந்த முன்பக்கத்தை அச்சுக்கோப்பாளர்கள் பிரித்து எழுத்து எழுத்தாக மறுபடி கோத்தார்கள். விடிந்தபின் சைக்கிளில் அரியாலைக்குத் திரும்பினேன். அன்று மாலை லண்டனில் ஒரு சிறுவர் தொடர் தொடங்கியது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். பிரித்தானியாவிலும் அன்று பலர் அதைப் பார்க்கவில்லை. கென்னடியின் மரணம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. சில பகுதிகளில் மின்சாரமும் தடைப்பட்டது. ஆகவே அடுத்த கிழமை முதல் அத்தியாயத்தை மறுபடியும் ஒளிபரப்பிய பின்னரே இரண்டாவதைக் காட்டினார்கள்.

தொடரைப் பெற்றெடுத்தவர்களின் கதை, தொடரைவிடச் சுவையானது. பிபிசி நாடகப் பிரிவின் தலைவராக இருந்த சிட்னி நியூமன் கனடாக்காரர். சனிக்கிழமை மாலையில் பெரியவரும் சிறியவரும் சேர்ந்து பார்க்க ஒரு தொடர் வேண்டும், அதில் வரலாறும் விஞ்ஞானமும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதனால்தான் முதற் கதையில் டொக்டருடனும் அவருடைய பேத்தி சூசனுடனும் பயணம் போகின்றவர்கள் இருவர் பாடசாலை ஆசிரியர்களாக இருந்தார்கள். ஒருவர் வரலாறு படிப்பித்தவர், மற்றவர் விஞ்ஞானம் படிப்பித்தவர். தயாரிப்பாளராக நியமிக்கப்பட்ட வெரிட்டி லாம்பேர்ட்டுக்கு வயது 27. அந்தப் பிரிவில் அப்போது வேறு பெண் தயாரிப்பாளர் எவரும் இல்லை. முதற் கதையை இயக்கியவருக்கு வயது 24. அவர் பெயர் வாரிஸ் ஹுசைன். 1938இல் லக்னோவில் பிறந்தவர்.

ஒரு கனடாக்காரர், ஓர் இளம் பெண், இந்தியாவில் பிறந்த ஓர் இளைஞர்: அன்றைய பிபிசியின் நடைபாதைகளில் இந்த மூவருமே வெளியாட்கள். பழைய கலையகம் ஒன்றில், சிறிய தொகையில், பலர் நம்பிக்கையில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க இவர்கள் வேலை செய்தார்கள். எடுத்த முதல் அத்தியாயம் நியூமனுக்குப் பிடிக்கவில்லை. திரும்ப எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். ரொன் கிரெய்னர் அமைத்த தொடக்க இசையை டீலியா டெர்பிஷயர் என்னும் பெண், ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, வாத்தியக்குழு எதுவுமின்றி உருவாக்கினார். டார்டிஸ் புறப்படும்போது கேட்கும் முனகல் ஒலி, பிரையன் ஹொட்ஜ்சன் ஒரு திறப்பைப் பியானோத் தந்தியில் உரசி எடுத்தது. இந்தத் தொடக்க நாட்களின் கதையை 2013இல் பிபிசி தனிப் படமாகவே எடுத்தது. அதில் வாரிஸ் ஹுசைனாக நடித்த சச்சா தவான், 2020இல் டொக்டரின் பரம எதிரியான ‘மாஸ்டர்’ ஆகத் தொடருக்குள்ளேயே வந்துவிட்டார்.

பெரிய கண்களை உருட்டும் அரக்கர்கள் என் தொடரில் வரக்கூடாது என்று நியூமன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது கதையிலேயே அந்தக் கட்டளை மீறப்பட்டது. டெரி நேஷன் எழுத, ரேமண்ட் கியூசிக் வடிவமைத்த ‘டாலெக்’குகள் 1963 டிசம்பரில் வந்தன. உலோகக் கூட்டுக்குள் இருக்கும் உயிரினம். தன் இனத்தைத் தவிர வேறெதுவும் வாழக்கூடாது என்பதே அதன் ஒரே கொள்கை. நாசிகளின் நினைவு ஆறாத தலைமுறைக்கு அது யாரைக் குறிக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் சோபாவின் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தார்கள் என்று இன்றும் பேசுகிறார்கள். தொடர் நிலைபெற்றது டாலெக்குகளால்தான்.

இனி, புதியவர்கள் அதிகம் குழம்பும் இடத்துக்கு வருகிறேன். டொக்டராக ஏன் இத்தனை பேர் நடிக்கிறார்கள்?

முதல் டொக்டரான வில்லியம் ஹார்ட்னெல் மூன்றாண்டுகளில் நோயுற்றார். வசனங்கள் நினைவில் நிற்கவில்லை. தொடரை நிறுத்த மனமில்லாத தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டார்கள். டொக்டர் மனிதர் அல்லவே. அவர் சாகும் தறுவாயில் உடல் மாறிப் புதியவராக எழுந்தால் என்ன? 1966 ஒக்ரோபர் 29இல் ஹார்ட்னெல் தரையில் விழுந்தார். பற்றிக் ட்ரவுற்றன் எழுந்தார். முகம் வேறு, குணம் வேறு, நினைவு மட்டும் அதே. ஒரு நடிகரின் நோயைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு, தொடருக்குச் சாகாவரம் ஆகிவிட்டது.

கூடுவிட்டுக் கூடு பாய்ந்த திருமூலரின் கதை பலருக்கு நினைவு வரும். எனக்கு நினைவு வந்தது காத்தவராயன் கூத்து. சிறுவயதில் கோயில் வீதியில் பாயை விரித்து விடிய விடியப் பார்த்திருக்கிறோம். ஓர் இரவுக்குள் காத்தான் பலராக வருவார். சின்னக் காத்தானாக ஆடிய பையன் உள்ளே போக, அடுத்த காத்தான் வருவார். கழுமரம் ஏறும் வேளையில் வேறொருவர் நிற்பார். ஆள் மாறினாரே என்று சபையில் ஒருவரும் கேட்டதில்லை. “முந்தின காத்தான் நல்ல குரல்” என்று அம்மா சொல்வார். “இவன்தான் ஆட்டக்காரன்” என்று பெரியம்மா சொல்வார். லண்டன் வீட்டிலும் இதே வழக்குத்தான். மருமகனுக்கு டேவிட் டெனன்ட், பேத்திக்கு அப்போது நடித்துக்கொண்டிருந்த ஜோடி விற்றக்கர். அவரே டொக்டராக வந்த முதற் பெண். எழுபதுகளில் லண்டனுக்குப் படிக்க வந்த பக்கத்து வீட்டுத் தமிழருக்கோ, 1974 முதல் 1981 வரை நீண்ட கழுத்துச் சால்வையுடன் நடித்த ரொம் பேக்கரைத் தவிர வேறு எவரும் டொக்டர் அல்லர்.

இத்தொடரின் வரலாற்றில் என் மனத்தைத் தைத்த பகுதி ஒன்று உண்டு. அறுபதுகளில் ஒலி-ஒளி நாடாக்கள் விலை கூடியவை. ஒருமுறை காட்டிய நிகழ்ச்சியை மீண்டும் காட்டுவதற்கு நடிகர் சங்க ஒப்பந்தங்கள் எல்லை வகுத்திருந்தன. வண்ண ஒளிபரப்பு வந்தபின் கறுப்பு வெள்ளைக்கு மதிப்பில்லாமற் போயிற்று. ஆகவே 1967 முதல் 1978 வரை பிபிசி பழைய நாடாக்களை அழித்து அவற்றிலேயே புதியவற்றைப் பதிவு செய்தது. வெளிநாட்டு விற்பனைக்கென எடுத்த திரைப்படப் பிரதிகளும் எரிந்தன. யாரும் பகைமையால் செய்யவில்லை. இடம் வேண்டும், காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதே காரணம். முதல் ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பான 253 அத்தியாயங்களில் பெரும்பகுதி இவ்வாறு மறைந்தது. வாரிஸ் ஹுசைன் பெரும்பாலும் இயக்கிய, ஏழு அத்தியாயங்கள் கொண்ட ‘மார்க்கோ போலோ’ (1964) முழுவதும் போயிற்று. நமது பாண்டி நாட்டையும் இலங்கையையும் பற்றி எழுதிவைத்த அதே மார்க்கோ போலோவின் கதை. ஹார்ட்னெல் ட்ரவுற்றனாக மாறிய அந்த அத்தியாயமும் போயிற்று; வேறொரு சிறுவர் நிகழ்ச்சியில் காட்டப்பட்டதால் அந்த மாற்றத்தின் சில நொடிகள் மட்டும் மிஞ்சின.

பின்னர் தேடல் தொடங்கியது. லண்டனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இரண்டு கிடைத்தன. 1991இன் இறுதியில் ஹொங்கொங்கில் இருந்து நான்கு அத்தியாயங்கள் கொண்ட ஒரு முழுக்கதை வந்தது. நைஜீரியாவின் ஜொஸ் நகரத்தில் கண்டெடுத்தவற்றில் ஒன்பது அத்தியாயங்கள் அதுவரை இல்லாதவை என்று 2013இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் கண்டுபிடிப்புக்குப் பின்னும் குறைந்திருந்தவை 97.

97 என்ற எண்ணைக் கண்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அதனுள் இருந்த நூல்களும் சுவடிகளும் சுமார் 97,000. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யூன் 1ஆம் திகதி விடியும்வரை எரிந்த நெருப்பு அது. எண்கள் ஒத்திருப்பது தற்செயல். இரண்டு இழப்புகளும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவையும் அல்ல. ஒன்று கவனயீனம், மற்றது குற்றம். ஆயினும் இழந்தபின் மனிதர் செய்த காரியத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. அந்தத் தொடரின் காணாமற்போன அத்தியாயங்கள் அனைத்துக்கும் ஒலிவடிவம் இன்று இருக்கிறது. நிறுவனம் காப்பாற்றியதல்ல, வீட்டில் இருந்த பிள்ளைகள், தொலைக்காட்சியின் ஒலியை ஒலிநாடாக் கருவியில் பதிந்து வைத்தது. நமது பக்கத்திலும் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்துக்கு, வீடுகளின் பரண்களில் இருந்தும் பெட்டிகளில் இருந்தும் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் வந்து சேர்ந்தன. பெரிய கட்டடங்கள் காக்கத் தவறியதைச் சாதாரண மக்கள் சைக்கிள் கரியரில் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் இலட்சக்கணக்கானோர் எங்கள் ஊரைத் தாண்டி நாவற்குழி நோக்கி நடந்த இரவில் நான் ஒரு தகரப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். முப்பதாண்டுப் பத்திரிகை நறுக்குகள் அதில் இருந்தன. திரும்பியபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. ஆகவே அழிந்த அத்தியாயங்களைத் தேடும் பைத்தியக்காரர்களைப் பார்த்து என்னால் சிரிக்க முடிவதில்லை.

தொடர் 1989இல் நிறுத்தப்பட்டது. 1996இல் வந்த ஒரு படத்தைத் தவிர 16 ஆண்டுகள் டொக்டர் திரையில் இல்லை. ரஸல் ரி. டேவிஸ் என்னும் எழுத்தாளர் 2005 மார்ச் 26இல் அவரை மீட்டெடுத்தார். பிள்ளைப் பருவத்தில் பார்த்தவர்கள் இப்போது தம் பிள்ளைகளுடன் பார்த்தார்கள். 2025இல் டொக்டரின் துணையாக வந்தவர், கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த வரதா சேது. லக்னோவில் பிறந்தவர் திரைக்குப் பின்னால் நின்று தொடக்கிவைத்த தொடரில், அறுபதாண்டுகளின்பின் கேரளத்துப் பெண் முன்னால் வந்து நின்றார்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை இது. 1963இல் இருந்து தொடங்காதீர்கள், களைத்துப்போவீர்கள். 2005இன் முதல் அத்தியாயமான ‘ரோஸ்’ நல்ல வாசல். ஒரேயொரு அத்தியாயம் பார்ப்பதாயின் 2007இல் வந்த ‘பிளிங்க்’. அதில் டொக்டர் அதிகம் வருவதேயில்லை, ஆனால் கல்லுச் சிலையைக் கண்டால் பிறகு கண் இமைக்கப் பயப்படுவீர்கள். 2010இல் வந்த ‘வின்சன்ட் அண்ட் த டொக்டர்’ வாழ்நாளில் மதிக்கப்படாத ஓவியர் வான்கோவைப் பரிஸ் நகரக் கலைக்கூடத்துக்கு அழைத்துவந்து அவருடைய படங்களின் முன் நிறுத்துகிறது. எழுத்தாளர்கள் தனியே இருந்து பார்ப்பது நல்லது. பழையவற்றில் 1975இல் வந்த ‘ஜெனசிஸ் ஒவ் த டாலெக்ஸ்’. டாலெக் இனத்தைப் பிறப்பிலேயே அழிக்கும் வாய்ப்பு டொக்டரின் கையில் இரண்டு மின்கம்பிகளாக இருக்கிறது. தொட்டால் போதும். ஓர் இனத்தை அழிக்கும் உரிமை தனக்கு உண்டா என்று அவர் தயங்கி நிற்கிறார். அந்தத் தயக்கமே இத்தொடரின் அறம்.

இனி, 2018 நவம்பர் 11ஆம் திகதி நான் பார்த்த அத்தியாயத்தைச் சொல்லி முடிக்கிறேன். பெயர் ‘டீமன்ஸ் ஒவ் த பஞ்சாப்’. எழுதியவர் வினய் பட்டேல். டொக்டரின் துணையான யாஸ்மின் கான் தன் பாட்டியின் இளமைக் காலத்தைக் காண விரும்புகிறாள். பெட்டி 1947 ஓகஸ்ட் 17இல், இந்தியா பாகிஸ்தான் எல்லைக்கோடு அறிவிக்கப்பட்ட நாளில், பஞ்சாப் வயல் ஒன்றில் போய் இறங்குகிறது. முஸ்லிம் பெண்ணான பாட்டி அங்கே ஓர் இந்து இளைஞனை மணக்கவிருக்கிறாள். அவன் தம்பியோ வெறுப்பில் ஊறிப்போனவன். காட்டுக்குள் இரண்டு வேற்றுக் கிரகத்தவர் உலாவுகிறார்கள். அவர்களே கொலைகாரர்கள் என்று டொக்டரும் நினைக்கிறார், நாமும் நினைக்கிறோம். அது பிழை. ஒருகாலத்தில் கொலையே தொழிலாகக் கொண்டிருந்த இனம் அது. அவர்கள் வெளியே போயிருந்த வேளையில் அவர்களுடைய உலகம் அழிந்துபோயிற்று. தம் மக்களுக்காக அழுவதற்குக்கூட ஒருவரும் இருக்கவில்லை. அன்றுமுதல், யாரும் அறியாமல் தனித்துச் சாகிறவர்களின் பக்கத்தில் போய் நிற்பதையே அவர்கள் கடமையாக ஏற்றுக்கொண்டார்கள். கொலையைத் தடுக்க அவர்களால் முடியாது. சாட்சியாக நிற்பார்கள், நினைவில் வைத்திருப்பார்கள். அவ்வளவுதான். மணமகனைக் கொல்பவர்கள் அவன் தம்பியின் கூட்டத்தார், மனிதர்கள். நடந்ததை மாற்றினால் யாஸ்மினே பிறந்திருக்க மாட்டாள். டொக்டர் திரும்பிப் பாராமல் நடக்கிறார். பின்னால் வெடி கேட்கிறது.

அத்தியாயம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்: “அம்மப்பா, அந்தப் பெட்டி உங்களிடம் இருந்தால் எங்கே போவீர்கள்?” 1981 மே 31ஆம் திகதி பகல் நூலகத்துக்குப் போய், பூட்டும்வரை இருந்து வாசிப்பேன் என்று அன்று சொன்னேன்.

2025ஆம் ஆண்டு என் மறுமொழி மாறிவிட்டது. எங்கள் பெரியவர்களை எரித்த அரியாலைச் சித்துப்பாத்தி மயானத்தில், கட்டட வேலைக்கு வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. செம்மணியைப் பற்றி 1998இல் நீதிமன்றத்தில் ஒரு படைவீரர் சொன்னதும், 1999இல் 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டதும், பிறகு எல்லாம் மௌனமானதும் நான் செய்தியாக எழுதியவை. நீதிமன்ற மேற்பார்வையில் 2025இல் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. சிறுவர்களுடையவையும் அவற்றுள் இருந்தன. ஒரு நீலநிறப் பாடசாலைப் பை, ஒரு பால் போத்தல், ஒரு விளையாட்டுப் பொம்மை. யூன் மாதம் அங்கே ‘அணையா விளக்கு’ ஏற்றி மூன்று நாட்கள் மக்கள் கூடியிருந்தார்கள்.

பேத்தி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். படங்களைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தாள். இருவரும் அதிகம் பேசவில்லை. “அம்மப்பா, அந்தப் பஞ்சாப் கதை நினைவிருக்கிறதா?” என்று மட்டும் கேட்டாள். நினைவிருக்கிறது என்றேன். எதையும் தடுத்து நிறுத்தும் வல்லமை எந்தப் பெட்டிக்கும் இல்லை என்று அந்தக் கதை சொல்கிறது. அப்படியானால் அந்தப் பையைத் தோளில் மாட்டியிருந்த பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்க மட்டுமாவது ஏறிப் போவேன். பெயரைக் கேட்டு, எழுதிக்கொண்டு வருவேன். நாற்பது ஆண்டுகள் நான் கற்ற தொழிலும் அதுதானே.